பதின்மூன்றாவது படம்

போன வாரம் துருகம் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒதுங்கிய இடம் ஒரு ஃப்ரைட் ரைஸ் கடை. கடைக்காரர் இரும்புச் சட்டியில் சோற்றைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் புரட்டியபடியே ஒரு பாட்டிலைக் கவிழ்த்து அதன்மேல் வினிகரை ஊற்றினார். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நெடி சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். நானும் நெடிதான் என்று தலையாட்டிவிட்டுத் தள்ளி நின்றேன். ஊரறிய அழுவதற்கு இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்?

விஷயம் என்னவென்றால், அது எங்கள் இருட்டறை வாசனை. பிலிம் காலத்தில் படம் கழுவியவர்களுக்குத் தெரியும். டெவலப்பரில் படம் தெளிந்து வந்ததும் அது மேலும் கறுத்துப் போகாமல் நிறுத்த ஒரு புளிப்புத் தண்ணீரில் முக்கி எடுப்போம். வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். நாள் முழுக்க அதில் கை வைத்துக்கொண்டிருந்தால் சட்டை, தலைமுடி, சாப்பிடுகிற சோறு எல்லாவற்றிலும் அதே வாசனை வரும். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்ள ஊறுகா யாவாரமா?" என்று யாரோ உள்ளே கேட்டது என் காதில் விழுந்தது. அந்த இடம் கூடிவரவில்லை. அது வேறு கதை.

கள்ளக்குறிச்சியில் எனக்கும் பஷீருக்கும் கூட்டாக ஒரு ஸ்டுடியோ இருந்தது. பஷீர் என்னோடு பத்தாவது வரை படித்தவன், வாய் ஓயாதவன். முன்னறையில் ஆட்களை உட்காரவைத்து, பவுடர் போடச் சொல்லி, மோவாயை ஒரு விரலால் தூக்கிவிட்டு, "கண்ணு மூடாம... மூச்ச புடிங்க..." என்று சொல்வது அவன். எனக்குப் பெரும்பாலும் இருட்டறை. முகூர்த்த நாட்களில் மட்டும் ஆளுக்கொரு கல்யாணமாகப் பிரிந்து போவோம்.

கல்யாண வீடுகளில் எங்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. எங்களுக்கு மட்டுமில்லை, அந்தக் காலத்தில் ஜில்லா முழுக்க எல்லோரும் செய்ததுதான். எங்கள் ரெட்டைக் கண் கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். மேடைக்கு வருகிறவர்களோ முந்நூறு பேர். பெண்ணின் ஒன்றுவிட்ட பெரியப்பா, அவருடைய சம்பந்தி, சம்பந்தியின் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் மணமக்கள் பக்கத்தில் விறைப்பாக வந்து நிற்பார்கள். மாட்டேன் என்று சொன்னால் சண்டைதான். ஃப்ளாஷின் முதுகில் சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கேமராவைக் கண்ணருகே வைத்துக்கொண்டு அதைக் கட்டைவிரலால் அமுக்கினால் பளிச்சென்று வெளிச்சம் மட்டும் அடிக்கும். பிலிமில் ஒன்றும் விழாது. பெரியப்பா முகம் மலர்ந்து பந்திக்குப் போய்விடுவார். "வெறும் ஃப்ளாஷு போட்டு அனுப்பு மச்சான். அவுரு போட்டோவா கேட்டாரு? மரியாததான கேட்டாரு" என்பான் பஷீர். அதில் எங்களுக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இருந்ததில்லை. ஆல்பத்தில் தன் படம் இல்லையே என்று பிறகு வந்து கேட்டவர்களும் குறைவு. அப்படிக் கேட்டால், "கழுவறப்ப போயிடுச்சுங்க" என்போம்.

இப்படிப் பிலிமைக் கஞ்சத்தனமாகக் காத்த நானே இன்னொரு பக்கம் அதை வாரி இறைத்தேன். அதுதான் என் கோளாறு. ஸ்டுடியோவில் ஒரு குடும்பம் வந்து உட்காரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக ஒரு படம். "ஆச்சுங்க" என்றதும் எல்லோரும் ஒரேயடியாக மூச்சை விடுவார்கள் பாருங்கள், அந்த நொடியில் நான் இன்னொரு படம் எடுத்துவிடுவேன். யாரும் கேட்காத படம். களமருதூரிலிருந்து ஒரு விவசாயி மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் பெண்டாட்டி பிள்ளையோடு வந்தார். படம் எடுத்து முடித்து அவர் செருப்பைத் தேடிக் குனிந்ததும் மூன்று வயது மகள் முதுகில் ஏறிக்கொண்டாள். அவர் சட்டை போச்சே என்று கத்துகிறார், பெண்டாட்டி வாயை முந்தானையால் பொத்திக்கொள்கிறாள். அதுதான் என் படம். அப்படி நூற்றைம்பது இருநூறு நெகடிவ் சேர்ந்திருந்தது. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

பஷீர் அவற்றுக்குக் "கலைஞ்ச படம்" என்று பேர் வைத்தான். "இன்னாடா இது, ஆளு ஒரு பக்கம் பாக்குறான், தலை பாதி காணோம். இத எவன் வாங்குவான்?" என்று தினமும் திட்டுவான். ஆனால் ஒருநாள், ஈர பிரிண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தபோது, சும்மா போகிற போக்கில் சொன்னான்: "பேரு போடவே வேணாம் மச்சான். ஒன் படம்னா ஒன் படம்தான். நூறு படத்துல கலந்து வச்சாலும் நான் கண்டுபுடிச்சிடுவேன்." அன்றைக்கு அதைக் கேலி என்றுதான் எடுத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விமர்சனம் அது என்பது புரிய ரொம்ப நாளானது.

எனக்கு வேறு விமர்சனம் தேவைப்பட்டது. சேலத்துப் பக்கம் அப்போது ஒரு புகைப்படக் கழகம் இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம், போட்டி, கையில் பிஸ்கட்டும் டீயும். படங்களைப் பலகையில் குத்தி வைப்பார்கள். நடுவராக வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரி. சட்டைப்பையில் ஆறங்குல ஸ்கேல் வைத்திருப்பார். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த ஸ்கேலை வைத்து ஒவ்வொரு படத்தையும் மூன்றாகப் பிரித்து அளப்பார். முகம் அந்தப் பிரிவுக் கோட்டின் மேல் விழுந்தால் தலையாட்டல், விழாவிட்டால் உதட்டுப் பிதுக்கல். என் களமருதூர்ப் படத்தின் மேல் ஸ்கேலை இப்படி வைத்தார், அப்படி வைத்தார், எங்குமே எதுவும் விழவில்லை. கடைசியில் ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு, "இது படமா, கை தவறி விழுந்ததா?" என்றார். சபை சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆத்தூர்க்காரர் ஒருவர் மாதாமாதம் ஏற்காட்டு மூடுபனியைக் கொண்டுவந்து முதல் பரிசை வாங்கிக்கொண்டு போவார். எனக்கு அவர் மேல் அப்படியொரு வயிற்றெரிச்சல். ஐந்து மாதம் வெறுங்கையோடு பஸ் ஏறினேன். ஐந்தாவது மாதம் நடுவர் என்னைத் தனியே கூப்பிட்டு, தோளில் கை போட்டு, பிரியமாகத்தான் சொன்னார். "வருஷப் போட்டி வருது தம்பி. தலைப்பு 'முகம்'. வயசான முகமா பாருங்க. ஒரு பக்கத்து வெளிச்சம், பின்னாடி கறுப்பு. சுருக்கம் ஒவ்வொண்ணும் தெரியணும். முகத்துல கொஞ்சம் எண்ணெய் தடவினா நல்லா எடுக்கும். உங்க பழைய பழக்கத்தை விட்டுடுங்க." பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தேன். கெட்ட எண்ணத்தோடு சொல்பவரை எதிர்த்து நின்றுவிடலாம். தோளில் கை போட்டுச் சொல்பவரிடம் என்ன செய்வது?

இது நடந்ததெல்லாம் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் மூண்டிருந்த வருஷங்களில். எங்கள் பக்கம் இருந்தவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில்தான் கல்வராயன் மலையிலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது. கூட்டுறவுக் கடன் வாங்குகிற மலைச் சனங்களின் பாஸ்புக்கில் ஒட்ட ஆளுக்கொரு போட்டோ. பஷீர் பையில் மூன்று ரோல் பிலிமைப் போட்டு, "கேமராவ வெளிய எடுத்துக்கினு ரோட்ல நிக்காத. போலீசு பாத்தா புடுங்குவான், மத்தவன் பாத்தா ஒடைப்பான்" என்று சொல்லி அனுப்பினான். கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலை தாண்டி, கரியாலூரில் போய் இறங்கினேன். கூட்டுறவுச் சங்கத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஒரு ஃபிரேமுக்கு மூன்று பேராக உட்காரவைத்து எடுத்தேன். பிறகு மூன்றாகக் கத்தரித்துக்கொள்ளலாம் அல்லவா? ரெண்டு ரோலில் வேலை முடிந்தது. மூன்றாவது ரோல் முழுசாக மிஞ்சியது.

மறுநாள் பஸ் வரவில்லை. கீழே ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்களாம். எங்கெங்கோ குடிசை எரிந்தது, எங்கோ சுட்டுவிட்டார்கள் என்றெல்லாம் சேதி மட்டும் மேலே ஏறி வந்தது. எது நிஜம், எது புரளி என்று கேட்கவும் ஆளில்லை. கையில் ஒரு கேமராப் பையும் ஒரு லுங்கியும் வைத்துக்கொண்டு ரோட்டோரம் திருதிருவென்று நின்றவனை, "வூட்டுக்கு வா சாரு, எம்மா நேரம் நிப்ப?" என்று கூட்டிக்கொண்டு போனவர் சடையன். என் வெள்ளை வேட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்த அறுபது வயதுக்காரர். அவருடைய மனைவி அலமேலு. பிள்ளைகள் இல்லை.

அஞ்சு நாள் அந்த வீட்டில் சாப்பிட்டேன். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, சுட்ட கிழங்கு. இருந்த ஒரே கம்பளியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் ரெண்டு பேரும் அடுப்போரம் படுத்துக்கொண்டார்கள். நான் கீழே நடக்கிற போராட்டத்தைப் பெரிய மனுஷன்போல விளக்கிச் சொன்னேன். சடையன் முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த ரிசர்வேசன் எங்களுக்கு எப்பவோ குட்த்துட்டாங்களாம் சாரு. பஸ்ஸுதான் இன்னும் ஒழுங்கா வுடல" என்றார். அலமேலு அடுப்படியிலிருந்து, "ஆமா, இவுரு பஸ்ஸேறி ஆபீசு உத்தியோகத்துக்குப் போவப் போறாரு" என்றாள். அவர்கள் வீட்டில் பேச்சு எப்போதும் இப்படித்தான். அவர் ஒன்று சொன்னால் அவள் அதைக் கவிழ்ப்பாள். முதலில் சிரிப்பது அவராகத்தான் இருக்கும். மேல் வரிசையில் ரெண்டு பல் கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் மூடுபனி விலகி, வாசல் வழியாக ஒரு பக்கத்து வெளிச்சம் சரியாக விழுந்தது. உள்ளே புகையேறிய கறுப்புச் சுவர். வாசற்படியில் சடையன். சேலத்து நடுவர் சொன்ன படம் அப்படியே தயாராக உட்கார்ந்திருந்தது. சுருக்கம்கூட அவர் சொன்ன கணக்குக்குக் குறைவில்லை.

விடுவேனா? தலைத்துண்டை அவிழ்க்கச் சொன்னேன். கம்பளியைப் போர்த்தினேன். ஒரு தடியை எங்கிருந்தோ தேடிக் கையில் கொடுத்தேன். அவர் தடி ஊன்றி நடக்கிற ஆள் இல்லை, மேட்டில் என்னைவிட வேகமாக ஏறுவார். மோவாயைக் கையில் தாங்கி எங்கோ தூரத்தில் பார்க்கச் சொன்னேன். அலமேலுவிடம் விளக்கெண்ணெய் வாங்கி, சொல்லவே வாய் கூசுகிறது, அவர் முகத்தில் நானே தடவினேன். அவர் பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். "எதுக்குத் தம்பி?" என்று கேட்டாள் அலமேலு. "போட்டிக்குமா" என்றேன். கிட்ட வைத்து ஒன்று, கொஞ்சம் இறக்கி ஒன்று, முகத்தைக் கோட்டில் கொண்டுவந்து ஒன்று. என் கண்ணுக்குள்ளேயே ஒரு ஸ்கேல் முளைத்துவிட்டது. பதினொரு படம் முடிந்தது. ஒன்று பாக்கி.

அப்போதுதான் அலமேலு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஐய, படையலுக்கு வச்ச கத்திரிக்கா மாதிரி இன்னா பளபளப்பு!" என்று சொல்லி, முந்தானையை எடுத்து அவர் கன்னத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஒரு கன்னம் துடைத்தாயிற்று, மறு கன்னம் மின்னுகிறது. சடையன் தடியைப் போட்டுவிட்டு, ரெண்டு பல் இல்லாத வாயைத் திறந்து, தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு தாங்காமல் அவளும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கம்பளி சரிந்தது. அப்படியே என் பக்கம் திரும்பி, "தம்பி, எங்க ரெண்டு பேரயும் இப்புடியே ஒண்ணு புடி. நாங்க சேந்து போட்டோவே எடுத்ததில்ல" என்றாள்.

எத்தனை வருஷமாக, எத்தனை பேர் மூச்சை விடுவதற்காகக் காத்திருந்தவன் நான். அது தானாக என் முன்னால் வந்து நின்று என்னைப் பேர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டது. ஆனால் மிச்சமிருப்பது ஒரே ஒரு படம். சாயங்கால வெளிச்சம் இதைவிட நன்றாக விழுந்தால்? கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனேன். கட்டைவிரல் தானாக ஃப்ளாஷின் முதுகுக்குப் போயிற்று. பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. ரெண்டு பேரும் கண்ணைக் கொட்டிக்கொண்டு இன்னும் சிரித்தார்கள்.

சாயங்காலம் மேகம் போட்டுவிட்டது. இருந்தாலும் மறுபடி எண்ணெய் தடவி, அதே தடி, அதே மோவாய். அந்த ரோலில் பன்னிரண்டும் ஒரே முகம்.

முதல் பரிசு எனக்குத்தான். ஆத்தூர்க்காரரின் மூடுபனி ரெண்டாம் இடத்துக்குப் போனது. ஸ்கேல் எடுத்து அளந்த நடுவர், "இப்பதான் கண் திறந்திருக்கு" என்று சபையில் சொன்னார். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து, பெரிய பிரிண்ட் போட்டு ஃபிரேம் மாட்டி பஷீரிடம் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "சோக்கா இருக்குது மச்சான்" என்றான். பிறகு, "யாரு எடுத்தது?" என்று கேட்டான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் என்றதும் அதைக் கடை முகப்புக் கண்ணாடிக்குள் மாட்டினான். பழைய பிலிமிலிருந்து வெள்ளி எடுப்பதற்காக வருஷத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து வாங்கிப் போவார். அந்த வருஷம் அவர் வந்தபோது கழிவோடு கழிவாக என் பிஸ்கட் டப்பாவையும் தூக்கிக் கொடுத்தேன். பழைய பழக்கத்தை விடச் சொன்னார்கள் அல்லவா? களமருதூர்க்காரர், அவர் முதுகில் ஏறிய மகள், எல்லோரும் சாக்கில் போனார்கள்.

வைகாசியில் ஒருநாள் மத்தியானம் அலமேலு வந்தாள். தலையில் ஒரு பலாப்பழம். "தம்பிக்குன்னு கொணாந்தேன்" என்று இறக்கி வைத்தாள். நெற்றி வெறுமையாக இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. தையில் காய்ச்சல் வந்து சடையன் போய்விட்டாராம். மூன்றே நாள்.

நான் பதறிப்போய் முகப்பில் இருந்த பெரிய படத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். "எடுத்துக்குனு போங்கமா. பரிசு வாங்குன படம்." அவள் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். "எண்ணெ தடவுன அன்னிக்கி எடுத்தது" என்றாள். படத்தை என் பக்கம் தள்ளி, "இது அவுரு இல்ல தம்பி. அவுரு மோவாயில கைய வச்சிக்கினு ஒரு நாளும் ஒக்காந்ததில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "இது ஒன்னுது. நீயே வச்சிக்க. எனக்கு அந்த இன்னொண்ணு குடு. சிரிச்சமே, ரெண்டு பேரும்."

பஷீர் என்னைப் பார்த்தான். கல்யாண வீட்டுப் பெரியப்பாக்களிடம் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. தானாகவே சொல்லிற்று: "அது கழுவறப்ப போயிடுச்சுமா."

அலமேலு நாங்கள் ஆட்களை உட்காரவைத்துப் படமெடுக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு எழுந்து, என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். "வுடு தம்பி. நீ இன்னா, வேணும்னா செஞ்ச?"

பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பஷீர் வாசலைப் பார்த்தபடி, "நெஜமாவே கழுவறப்ப போச்சா?" என்றான். "இல்ல. வெறும் ஃப்ளாஷு" என்றேன். அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவன் அந்தப் பொத்தானைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பலாப்பழ வாசனை இருட்டறை வரை வந்து புளிப்பு நெடியை அமுக்கிவிட்டது. நான் ஒரு சுளையும் தொடவில்லை.

பிறகு நான் கலைந்த படம் எடுக்கப் பார்க்காமல் இல்லை. முடியவில்லை. ஒன்று முந்திவிடும், இல்லை பிந்திவிடும். மூச்சை விடுகிற அந்த நொடி வரும்போதெல்லாம் முகம் எந்தக் கோட்டில் விழுகிறது என்று கண் பார்த்துத் தொலைக்கும். சேலத்தில் இன்னும் ரெண்டு கேடயம் வாங்கினேன். அவற்றை எந்த வீடு மாறும்போது தொலைத்தேன் என்றுகூட நினைவில்லை. பஷீர் மஸ்கட் போனான். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கட்டைவிரல் பொத்தானும் போயிற்று, பன்னிரண்டு என்கிற கணக்கும் போயிற்று. ஒவ்வொருவர் கையிலும் கேமரா, எடுத்துத் தள்ளுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு என் பையில் இன்னும் ஒரு ரோல் இருந்திருந்தால் என்றுதான் தோன்றும். உடனே, அப்போதும் இருபத்துமூன்று எண்ணெய் முகம் எடுத்துவிட்டுக் கடைசி ஒன்றைக் காத்துத்தானே வைத்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ரொம்ப வருஷம் கழித்து ஒருமுறை கரியாலூர் போனேன். படகுத்துறை, சுற்றுலா வண்டிகள், மிளகாய் பஜ்ஜி. சடையன் வீடு இருந்த மேட்டில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்று நிற்கிறது. அங்கிருந்தவரிடம் அலமேலு என்று கேட்டேன். "அந்த ஆயாவா? தவறிப்போயி அஞ்சாறு வருசம் ஆவுதுங்க" என்றார். "போட்டோ எடுக்கறதுன்னா அந்தப் பக்கம் நில்லுங்க சார், வெளிச்சம் நல்லாருக்கும்" என்றும் சொன்னார்.

அவர் காட்டிய இடத்தில் வெறுங்கையோடு நின்றேன். வேண்டுமென்றுதான் செய்தேன் அம்மா. இதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் ஏறிப்போயிருந்தேன்.